பார்வை மங்கிவரும் அம்மாவுக்குச் சமையலறையில் பொருள்களை அடையாளம் காண பார்கோடு படிக்கும் செயலி உதவுமா?

உதவும். ஆனால் அதை அம்மா கையில் கொடுத்துவிட்டு நீங்கள் எல்லாரும் சமையலறையை விட்டு வெளியே வர வேண்டும். அதுதான் உங்கள் வீட்டில் கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

கேள்விக்குக் கீழே "எந்த டப்பா வேண்டும் என்றாலும் நாங்களே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம், இருந்தாலும் கேட்கிறேன்" என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, அந்த வரியைப் பார்த்துத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். எனக்கு விழித்திரை நோய். முதலில் ராத்திரியில் தெரியாமல் போனது, அப்புறம் ஓரங்கள் போயின, இப்போது விளக்கு எரிகிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். மனைவி தாதி, ஷிப்ட் வேலை. எங்கள் வீட்டில் சமையல் என்னுடையது, பார்வை இருந்த காலத்திலிருந்தே. அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

நான் ஐபோனில் மைக்ரோசாஃப்டின் சீயிங் ஏஐ என்ற செயலியை வைத்திருக்கிறேன். 2017இல் வெளிவந்தபோதே சிங்கப்பூருக்கும் கிடைத்தது. 2023 டிசம்பரில் ஆண்ட்ராய்டுக்கும் வந்துவிட்டது. அதில் பொருள்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. பார்கோடு கேமராவில் பட ஆரம்பித்ததும் பீப் சத்தம் வரும், நெருங்க நெருங்க வேகமாகும், முழுசாகச் சிக்கியதும் நாம் எதையும் அழுத்தாமல் தானே படித்துப் பெயரைச் சொல்லும். கூகுளின் லுக்அவுட் செயலியிலும் 2020இல் உணவு லேபிளுக்கென்று ஒரு பிரிவு சேர்த்தார்கள், அது பார்கோடையும் பார்க்கும், பாக்கெட்டின் முகப்பையும் பார்க்கும். கம்பெனிக்காரன் காசு கொடுத்து எழுதச் சொன்னானா என்று யாரும் கிளம்ப வேண்டாம், இரண்டுமே இலவசம்.

செயலியைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான். பார்கோடு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் அம்மா சோர்ந்துபோவார், "இதெல்லாம் எனக்கு வராதுப்பா" என்று போனைக் கீழே வைப்பார். அதற்கு விரல் பழக வேண்டும். டின்னைச் சுற்றி ஒட்டிய காகிதத்தின் இரண்டு முனையும் சேரும் இடம் விரலுக்கு லேசாகத் தட்டுப்படும், பார்கோடு பெரும்பாலும் அந்த மடிப்புக்குப் பக்கத்திலேயே இருக்கும். அட்டைப்பெட்டி என்றால் அடிப்பக்கத்தையும் ஒடுங்கிய பக்கங்களையும் முதலில் பாருங்கள். பிளாஸ்டிக் பாக்கெட்டில் பின்பக்கம், கீழே, ஆனால் சுருக்கம் இருந்தால் படிக்காது, இழுத்துப் பிடிக்க வேண்டும். போனை ஒட்ட வைத்தால் மங்கும், ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பொருளை மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். விளக்கைப் போடச் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள், எனக்கு விளக்கு தேவையில்லை என்பதால் அணைத்தே வைத்திருப்பேன், கேமராவுக்கு அது தேவை என்பது சட்டென்று தோன்றாது.

பார்கோடு யோசனை பிறந்ததே விரலில்தான் தெரியுமோ? நார்மன் உட்லண்ட் என்ற அமெரிக்கர் மயாமி கடற்கரை மணலில் மோர்ஸ் என்ற தந்திக் குறிகளின் புள்ளியையும் கோட்டையும் விரலால் கீழே இழுத்துவிட்டதில் வந்த யோசனை. 1952இல் காப்புரிமை, 1974இல் ஒஹாயோவில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டில் கடை விற்பனைக்கு முதல்முறை படித்தார்கள். விரலால் இழுத்த கோடு, கடைசியில் விரலுக்கே தட்டுப்படாத அச்சாகிவிட்டது.

இன்னொரு விஷயம். அந்தக் கோடுகளுக்குள் பொருளின் பெயர் கிடையாது, வெறும் எண்தான். இங்கே கடையில் பார்ப்பதில் பெரும்பாலும் 13 இலக்கம். 888 என்று தொடங்கினால் நிறுவனம் சிங்கப்பூரில் பதிவானது, 955 மலேசியா, 890 இந்தியா. பொருள் அங்கே செய்ததாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. செயலி இந்த எண்ணை எடுத்துக்கொண்டு ஒரு பட்டியலில் தேடிப் பெயரைக் கொண்டுவருகிறது. பட்டியலில் இல்லை என்றால் கைவிரிக்கும். பெரிய நிறுவனத்து பிஸ்கட், சோப்பு எல்லாம் சட்டென்று வந்துவிடும். நம் ஊறுகாயும் அப்பளமும்தான் சில நாள் வரும், சில நாள் வராது. லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் கடைக்காரரே பொட்டலம் போட்டு ஒட்டுகிற துவரம் பருப்புக்கெல்லாம் வழியே இல்லை, அந்த எண் அந்தக் கடைக் கல்லாவுக்கு மட்டும்தான் புரியும். அதற்கெல்லாம் ரப்பர் பேண்ட். துவரைக்கு ஒன்று, பாசிப்பருப்புக்கு இரண்டு. உளுந்தைத் தடவிப் பார்த்தாலே தெரியும். கெட்டிப்பாலா ஆவிப்பாலா என்று தெரியவும் செயலி வேண்டாம், டின்னைக் காதோரம் வைத்து ஆட்டினால் ஆவிப்பால் சலசலக்கும்.

இதற்குள் ஒருவர் "வீட்டில் ஆள் இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு" என்று எழுத ஆரம்பித்திருப்பார். அவருக்காக இது.

போன தீபாவளிக்கு என் மச்சான், மனைவியின் அண்ணன், ஜொகூர் பாருவிலிருந்து, அதாவது ஜேபியிலிருந்து, வந்திருந்தார். தங்கமான மனிதர், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதை அவரும் படிப்பார். மனைவி காலை ஷிப்டுக்குப் போய்விட்டாள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் இவர் கீழே பேரங்காடிக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்து, மாப்பிள்ளை சிரமப்படுகிறாரே என்று என் அலமாரியையும் சேர்த்து ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார். உயரமானது பின்னால், குட்டையானது முன்னால், எல்லா டின்னும் ஒரே வரிசை. பார்ப்பவர்களுக்கு அழகாக இருந்திருக்கும். எனக்கு என் சமையலறையே காணாமல் போய்விட்டது.

இடியாப்பத்துக்குச் சொதியும் கூடவே கொண்டைக்கடலையும் செய்வதாக இருந்தேன். "மச்சான், இதுல கடலை டின் எது?" என்று கேட்டேன். எடுத்தார். சத்தமே இல்லை. ஜன்னல் பக்கம் நடந்து போனார். அங்கேயும் சத்தமில்லை. அப்புறம், "கண்ணாடிய ஜேபி வீட்டுலயே வெச்சிட்டு வந்துட்டேன் மாப்ள, எழுத்து பொடியா இருக்கு, உருண்டையா ஏதோ படம் போட்டிருக்கான், கடலைதான் இது" என்றார். நான் போனை எடுத்து டின்னைத் திருப்பினேன். பீப் பீப் பீப், "லைச்சி இன் சிரப்". சர்க்கரைப் பாகில் போட்ட லைச்சிப் பழம். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சரி, தேங்காய்ப்பால் எங்கே என்றேன். "அது எனக்குத் தெரியாதா, நானே பார்த்து வாங்கினதாச்சே" என்று ஒரு காகிதப் பெட்டியைக் கையில் வைத்தார். அதையும் காட்டினேன். "கோகனட் கிரீம்" என்றது. மனிதர் வாயைத் திறக்கவில்லை. நான் கிரீமில் தண்ணீர் விட்டுச் சொதியை முடித்தேன், நன்றாகவே வந்தது. அவர் என் போனை வாங்கிக்கொண்டு மத்தியானம் முழுக்க வீட்டில் இருக்கிற ஷாம்பு, தைலம், ஊதுபத்தி வரைக்கும் பீப் பீப் என்று காட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டில் ஆள் இருந்தால் போதும் என்கிறவர்கள் அந்த ஆளுக்குக் கண்ணாடி இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லப் பணிப்பெண் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள், வைத்துக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை. வைத்தாலும் அலமாரியில் எது எங்கே என்று முடிவு செய்வது அம்மாவாக இருக்கட்டும்.

பார்கோடு சொல்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். காலாவதித் தேதி இந்தக் கோடுகளில் கிடையாது. தேதியையும் ஏற்றக்கூடிய சதுரக் குறியீடுகள் வந்துகொண்டிருக்கின்றன, 2027 முடிவதற்குள் கடைக் கல்லாக்கள் அதைப் படிக்க வேண்டும் என்று பார்கோடு எண்களை நிர்வகிக்கிற ஜிஎஸ்1 அமைப்பு இலக்கு வைத்திருக்கிறது. அதுவரை தேதிக்கு நான் பி மை ஐஸ் செயலியில் தொண்டூழியரைக் கூப்பிடுகிறேன். டென்மார்க்கில் தொடங்கி 2015இல் வந்தது, வீடியோவில் யாராவது ஒருவர் பார்த்துச் சொல்வார். ஒருமுறை எடுத்த பெண்மணி தேதியைச் சொல்லிவிட்டு இந்தப் பெருங்காயம் என்பது என்ன, எதற்குப் போடுவீர்கள் என்று கேட்க, ரசம் வைப்பது வரைக்கும் சொல்லிக்கொடுத்தேன். படம் எடுத்தால் செயற்கை நுண்ணறிவு விவரிக்கிற வசதியும் அதில் உண்டு. ஆனால் தேதி தெளிவாக இல்லை என்றாலும் தெரிந்த மாதிரியே ஒன்றைச் சொல்லும். மருந்துக்கு மட்டும் அதை நம்ப வேண்டாம். எத்தனை வேளை என்பது பலதுறை மருந்தகத்தில் ஒட்டித் தருகிற லேபிளில்தான் இருக்கும், பெட்டியின் பார்கோடில் இருக்காது.

சம்பந்தமில்லைதான், இருந்தாலும் இதைச் சொல்லாமல் விட மனசில்லை. எங்கள் வீட்டுப் பக்கத்துக் கோப்பிக்கடையில் திரையைத் தொட்டு ஆர்டர் செய்யும் முறை வந்துவிட்டது. வழவழவென்று ஒரு கண்ணாடி, குரலும் கிடையாது, ஒரு பொத்தானும் கிடையாது. இத்தனை வருஷம் "தே சி கொசோங்", அதாவது ஆவிப்பால் விட்டுச் சர்க்கரை போடாத தேநீர், என்று குரல் கொடுத்தால் தம்ளர் மேசைக்கு வந்தது. இப்போது வாய் இருந்தும் வரிசையில் பின்னால் நிற்பவரிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது. அவரும் பாவம், அவசரத்தில் பாலில்லாத தே ஓவை அழுத்திவிட்டுப் போகிறார். ஆள் பற்றாக்குறை என்கிறார்கள். இருக்கட்டும், ஒரு மணியையாவது வைக்கலாமே.

சரி, உங்கள் விஷயம். செயலிக்கு முன்னால் ஐபோனில் வாய்ஸ்ஓவரோ ஆண்ட்ராய்டில் டாக்பேக்கோ பழக வேண்டும், திரையில் விரல் படுவதைப் பேசிக் காட்டுவது அதுதான். தோ பாயோ ரைஸில் இருக்கிற பார்வையற்றோர் சங்கத்தில் பயிற்சி தருகிறார்கள், கால்டிகாட் எம்ஆர்டி பக்கம். உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபிள் அமைப்பு வழியாக அசிஸ்டிவ் டெக்னாலஜி ஃபண்ட் என்ற உதவிச் சாதன நிதியும் இருக்கிறது, குடும்ப வருமானத்தைப் பார்த்துச் சாதனங்களுக்கு 90 சதவீதம் வரை தருவார்கள், ஒருவருக்கு வாழ்நாளில் 40,000 வெள்ளி வரை.

அம்மாவிடம் எந்த போன் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஆண்ட்ராய்டு என்றால் இரண்டு செயலியையும் இறக்கிக் கொடுத்து எது அவருக்குப் பிடிக்கிறது என்று பாருங்கள். ஐபோன் என்றால் சீயிங் ஏஐ மட்டும்தான், லுக்அவுட் அதில் வராது.