பாங்கரில் நர்ஸ் வேலை: வெல்ஷ் தெரியாவிட்டால் சிக்கலா?

கேள்வி: என் மனைவி திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியர். வேல்ஸின் வடக்கே பாங்கர் என்ற ஊரில் உள்ள அரசு மருத்துவமனையில் அவருக்கு வேலை கிடைத்து, ஆஃபர் லெட்டரும் வந்துவிட்டது. விளம்பரத்தில் ‘வெல்ஷ் மொழி தெரிந்தால் நல்லது’ என்று இருந்தது. இப்போது ஊரில் ஒரு ஏஜென்ட், வெல்ஷ் அடிப்படைச் சான்றிதழ் இல்லாமல் விசா நிற்காது, 85,000 ரூபாய் கட்டினால் ஆன்லைனில் ஒரு மாதத்தில் வாங்கித் தருகிறேன் என்கிறார். மகளுக்கு 8 வயது, மகனுக்கு 3. அங்கே பள்ளியில் எல்லாமே வெல்ஷில்தான் நடக்கும், பிள்ளைகளின் ஆங்கிலம் போய்விடும், பேசாமல் மான்செஸ்டர் பக்கம் வேலை தேடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த 85,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். முன்பணம் என்று ஏதாவது கொடுத்திருந்தால் இன்றே போய்த் திருப்பிக் கேளுங்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

உங்கள் மனைவியின் விசாவுக்கும் வெல்ஷுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. செவிலியர் பதிவுக்கு ஓஇடி அல்லது ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு, அப்புறம் கணினித் தேர்வு, அங்கே போனபின் செய்முறைத் தேர்வு, வேலை தருகிற இடத்திலிருந்து ஸ்பான்சர்ஷிப் சான்று. இதுதான் பாதை. இதில் எந்தப் படியிலும் வெல்ஷ் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். சில ஏஜென்ட்டுகள் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டத்தில் வெல்ஷ் என்று எழுதியிருப்பதைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். 1981-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது, குடியுரிமை கேட்பவருக்கு ஆங்கிலமோ வெல்ஷோ ஸ்காட்டிஷ் கேலிக்கோ ஏதாவது ஒன்று போதிய அளவு தெரிந்திருக்க வேண்டும் என்பது. மூன்றில் ஒன்று. அதுவும் பல வருடம் கழித்து, குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது. வேலை விசாவுக்கு அதைக் கொண்டுவந்து ஒட்டுவது சுத்தமான ஏமாற்று.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து மருத்துவப் பணியாளர்களை எடுப்பதற்கு பிரிட்டன் அரசு வைத்திருக்கிற நடைமுறை விதிகளின்படி, வேலை வாங்கித் தருவதற்காக விண்ணப்பதாரரிடம் பணம் வாங்கக் கூடாது. 2024-இல் வேல்ஸ் அரசு கேரள அரசோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டு 250 மருத்துவப் பணியாளர்களை எடுக்க முடிவு செய்தது, நடுவில் எந்தத் தரகரும் இல்லை. நம் ஊரிலும் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஆள் பிடிக்கிறவர்களிடமே போய் நிற்கிறோம். எனக்கு வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் மொழிப் பிரச்சினை இல்லை, ஏஜென்ட் பிரச்சினைதான். மொழி அவர்களுக்குப் புதிதாகக் கிடைத்த சாக்கு.

சரி, விளம்பரத்துக்கு வருவோம். வேல்ஸில் 2011-இல் கொண்டுவந்த சட்டம் வெல்ஷுக்கு அதிகாரபூர்வத் தகுதி கொடுத்தது, வெல்ஷ் மொழி ஆணையர் என்ற பதவியையும் உண்டாக்கியது. அதன் கீழ் வந்த விதிகள் உள்ளாட்சி கவுன்சில்கள், அரசு மருத்துவமனைகளை நடத்துகிற சுகாதார வாரியங்கள் போன்ற இடங்களுக்குப் பொருந்தும். புதிய பணியிடம் ஒவ்வொன்றுக்கும் வெல்ஷ் எந்த அளவு வேண்டும் என்று அவர்கள் வகைப்படுத்த வேண்டும். வகை நான்கு: கட்டாயம் தேவை, பணியில் சேர்ந்தபின் கற்க வேண்டும், தெரிந்தால் நல்லது, தேவையில்லை.

உங்கள் மனைவியுடையது மூன்றாவது. அதாவது வெல்ஷ் தெரியாததால் அவரை நிராகரிக்கவில்லை, இனியும் அதைக் காரணம் காட்டி ஆஃபரை மாற்ற முடியாது. ‘கட்டாயம் தேவை’ என்று இருக்கிற இடத்துக்கு வெளிநாட்டு நர்ஸ் விண்ணப்பிப்பதே அபூர்வம், அதை விடுங்கள்.

ஆனால் இரண்டாவது வகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் கோட்டை விடுவது இங்கேதான். விளம்பரத்தில் ‘தெரிந்தால் நல்லது’ என்று இருந்துவிட்டு, பணி விவரக் குறிப்பில் வேறு மாதிரி இருக்கலாம். பல பக்கம் நீளும் அந்தக் குறிப்பை யாரும் கடைசிவரை படிப்பதில்லை. அதில் மொழித் தகுதி என்று ஒரு வரி இருக்கும். அங்கே ‘சேர்ந்தபின் கற்க வேண்டும்’ என்று இருந்தால், எந்த நிலை வரை, எத்தனை மாதத்துக்குள், வேலை நேரத்திலேயே வகுப்புக்கு விடுவார்களா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கேட்கப்படுவது முதல் நிலைதான்: வணக்கம் சொல்வது, நோயாளியின் பெயரையும் ஊர்ப்பெயரையும் சரியாக உச்சரிப்பது, ஒரு வரி நலம் விசாரிப்பது. நர்ஸ் வேலையை ஷிப்ட் முறையில் பார்க்கிற ஒருவர் சிரமமில்லாமல் செய்துவிடலாம். ஆனால் மூன்றாம் நிலை, நான்காம் நிலை என்று எழுதியிருந்தால் அது நோயாளியோடு சிகிச்சை பற்றியே பேசுகிற அளவு, அதற்கு வருடங்கள் ஆகும். தொலைபேசியில் ‘அதெல்லாம் பார்த்துக்கலாம்’ என்று சொன்னால் ஏற்காதீர்கள், மின்னஞ்சலில் வரட்டும். சேர்ந்த பிறகு மேலாளர் மாறுவார், பணிக்குறிப்பு மாறாது.

இதில் எனக்குக் கோபம் வருவது அங்கிருக்கிற நிர்வாகத்தின் மீதும்தான். இதய அவசரப் பிரிவு நர்ஸுக்கும் கிட்டங்கி ஊழியருக்கும் ஒரே வாக்கியத்தை ஒட்டிவிட்டு விளம்பரம் போட்டால், படிக்கிறவருக்கு என்ன புரியும்? வகைப்படுத்து என்று விதி சொன்னதே யோசித்து எழுதத்தான். யோசிக்காமல் எழுதுவதால் வெளியூர்க்காரர்கள் பயந்து ஒதுங்குகிறார்கள், அந்த பயத்தில் ஏஜென்ட் காசு பார்க்கிறார்.

இப்படிச் சொல்வதால் வெல்ஷ் கேட்பதே தவறு என்று நினைத்துவிடாதீர்கள். ‘நர்ஸ் பற்றாக்குறை இருக்கும்போது மொழி பார்க்கலாமா, அத்தனை பேருக்கும் ஆங்கிலம் தெரியுமே’ என்று அங்கேயே ஒரு கூட்டம் வாதாடுகிறது. பற்றாக்குறை உண்மைதான். ஆனால் 2021 கணக்கெடுப்பின்படி வேல்ஸ் முழுவதும் வெல்ஷ் பேசுவோர் சுமார் 5 லட்சத்து 38 ஆயிரம் பேர், நூற்றுக்கு 18 பேர் கூட இல்லை. அதே கணக்கில் பாங்கர் இருக்கிற குவினெத் பகுதியில் நூற்றுக்கு 64 பேர். அந்த வார்டில் படுத்திருக்கிற எண்பது வயதுப் பாட்டி பிள்ளையாக இருந்ததிலிருந்து வெல்ஷில் வாழ்ந்தவர். பக்கவாதமோ மறதி நோயோ வந்தால் பின்னால் கற்ற ஆங்கிலம் முதலில் நழுவலாம். எங்கே வலிக்கிறது என்று அவரால் சொல்ல முடியாமல் போவது மருத்துவப் பிரச்சினை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நம் பாட்டியிடம் நர்ஸ் ஆங்கிலத்தில் மட்டும் பேசினால் நாம் சும்மா இருப்போமா?

அந்த உரிமையும் தானாக வந்ததில்லை. 1952-இல் லங்கெனெக் என்ற ஊரில் எய்லீன் பீஸ்லி, ட்ரெவர் பீஸ்லி என்ற தம்பதி, வரி நோட்டீஸை வெல்ஷில் கொடுத்தால்தான் கட்டுவோம் என்றார்கள். ஜப்தி செய்ய ஆள் வந்து வீட்டுச் சாமான்களைத் தூக்கிப் போனார்கள், பல முறை. 1960-இல்தான் இருமொழி நோட்டீஸ் கிடைத்தது. இந்த வரலாறு தெரிந்தால், அங்கே ஒருவர் உங்கள் மனைவியிடம் முதலில் வெல்ஷில் பேசுவதை முகச்சுளிப்பாக எடுத்துக்கொள்ளத் தோன்றாது. வெல்ஷ் பேசும் ஊழியர்கள் ஆரஞ்சு நிற பேட்ஜ் அணிந்திருப்பார்கள், மொழி தேவைப்படுகிற நோயாளிக்கு அவர்களைக் கூப்பிடலாம்.

கற்றுக்கொள்ளக் காசு வேண்டாம். தேசிய வெல்ஷ் கற்றல் மையம் வேலையிடத்துக்கென்றே இலவச ஆன்லைன் வகுப்புகள் வைத்திருக்கிறது. சேருவதற்கு முன்பே வீட்டிலிருந்து தொடங்கலாம்.

இனி பிள்ளைகள். குவினெத்தில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் பெரும்பாலும் வெல்ஷ் வழிதான், அதை மறைக்க வேண்டியதில்லை. மகனுக்கு 3 வயது என்பதால் கவலையே படாதீர்கள், ஒரு வருடத்தில் உங்களுக்கே சொல்லிக்கொடுப்பான். மகளுக்கு 8 வயது, அங்கேதான் கவனம் வேண்டும். இப்படி நடுவில் வருகிற பிள்ளைகளுக்காகவே அந்தப் பகுதியில் 1980-களிலிருந்து மொழி மூழ்கல் மையங்கள் நடக்கின்றன. சிறு குழுவாக வைத்து, ஒரு பருவ அளவு தீவிரமாக வெல்ஷ் கற்றுக்கொடுத்து, திரும்பவும் வழக்கமான பள்ளிக்கு அனுப்புவார்கள். இடம் குறைவு. சேர்க்கைக்கு விண்ணப்பிக்கிற அதே நாளில் மையத்துக்கும் கேளுங்கள், பள்ளி சொல்லும் என்று காத்திருக்காதீர்கள்.

ஆங்கிலம் போய்விடாது. வெல்ஷ் வழிப் பள்ளியிலும் 7 வயதிலிருந்து ஆங்கிலம் கட்டாயப் பாடம், 16 வயதில் எழுதுகிற ஜிசிஎஸ்இ ஆங்கிலத் தாளும் எல்லோருக்கும் ஒன்றே. தெருவிலும் டிவியிலும் ஆங்கிலம் கொட்டிக் கிடக்கிறது, அதைக் காப்பாற்ற நீங்கள் பாடுபட வேண்டியதில்லை. வீட்டில் தமிழே பேசுங்கள். ஆபத்தில் இருப்பது அதுதான்.

மேல்நிலைக்குப் போகும்போது பாங்கரில் ட்ரிவன், ஃபிரையர்ஸ் என்று இரண்டு பள்ளிகள். முதலாவதில் வெல்ஷ் அதிகம், இரண்டாவதில் ஆங்கிலம் அதிகம். ஆனால் பள்ளி மொழிக் கொள்கை மாறிக்கொண்டே இருக்கிறது, மகள் அங்கே போக இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. இன்றைய நிலையை வைத்து வீடு பிடிக்காதீர்கள்.

வேல்ஸிலேயே வேறு ஊருக்குப் போனால் வெல்ஷிலிருந்து தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: 16 வயது வரை எல்லா அரசுப் பள்ளியிலும் வெல்ஷ் கட்டாயப் பாடம். 2025-இல் வந்த கல்விச் சட்டம் பள்ளிகளை மொழி அளவுப்படி மூன்று வகையாகப் பிரிக்கிறது, ஆங்கிலம் மிகுந்த பள்ளியிலும் குறைந்தது 10 சதவீதம் வெல்ஷ் இருக்க வேண்டும் என்கிறது. கார்டிஃபில் ஆங்கில வழி எளிதாகக் கிடைக்கும், அவ்வளவே வித்தியாசம். மான்செஸ்டர் பக்கம் போவதற்கு வேறு காரணம் இருந்தால் போங்கள், இதற்காகக் கையிலிருக்கிற ஆஃபரை விடாதீர்கள்.

கடைசியாக வாடகை ஏஜென்ட். ‘இந்த வீடு எடுத்தால் ஆங்கிலப் பள்ளி உறுதி’ என்று சொல்வார்கள். பள்ளி இடம் கொடுப்பது கவுன்சில், வீட்டுத் தரகர் இல்லை. அருகிலிருக்கிற வெல்ஷ் பள்ளியை வேண்டாம் என்று தூரத்து ஆங்கிலப் பள்ளியைத் தேர்ந்தெடுத்தால் இலவசப் பேருந்து கிடைக்காமல் போகலாம், தினமும் இரண்டு வேளை நீங்கள்தான் கொண்டுவிட வேண்டும், மனைவி இரவு ஷிப்டில் இருக்கிற நாளிலும். வேல்ஸில் 22 கவுன்சில், ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம், ஒரு விதி. அதைவிடக் கொடுமை, முகவரிச் சான்று இல்லாமல் பள்ளி இடத்தை உறுதிசெய்யத் தயங்குவார்கள், பள்ளி தெரியாமல் நீங்கள் வீடு எடுக்க முடியாது. வருகிற குடும்பம் எந்தக் கயிற்றைப் பிடித்து ஏறுவது என்று இந்த அமைப்பை உருவாக்கியவர்கள் யோசித்ததாகவே தெரியவில்லை. அதனால் முதல் இரண்டு மாதத்துக்கு மருத்துவமனை தருகிற தங்குமிடம் உண்டா என்று ஆஃபர் கொடுத்தவர்களிடம் கேளுங்கள். மனைவி முதலில் போகட்டும், குவினெத் கவுன்சிலின் சேர்க்கைப் பிரிவுக்கு மகளின் வயதையும் வருகிற தேதியையும் எழுதி, எந்தப் பள்ளியில் இடம், மையத்தில் எப்போது சேர்ப்பார்கள் என்ற இரண்டுக்கும் பதில் வாங்கட்டும். அது வந்தபிறகு நீங்களும் பிள்ளைகளும் டிக்கெட் போடுங்கள்.