பட்டர் பேப்பருக்கு அடியில் ஒரு கல்யாணப் படம் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

பழைய ஆல்பங்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை வாசித்துவிட்டுத்தான் இந்தக் கடிதம். என் அம்மா அப்பாவுக்கு 1975 ஆவணியில் கல்யாணம். இந்த 2025 ஆவணியில் ஐம்பது வருடம் நிறைகிறது. என் கையால் ஒரு வாழ்த்து அட்டை செய்து கொடுக்க ஆசை. கல்யாணத்தன்று எடுத்த படம் ஒன்றும் எங்களிடம் இல்லை. கல்யாணம் முடிந்த அடுத்த வாரம் கரூரில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் மட்டும் இருக்கிறது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அம்மா அருகில் நின்று நாற்காலியின் முதுகைப் பிடித்திருக்கிறார். ஒரு சின்ன மேஜை, அதன் மேல் பூ ஜாடி.

ஆன்லைனில் ஒரு ‘விண்டேஜ்’ கிட் வாங்கினேன். ஈஃபில் கோபுரம், ரோஜாக்கள், கடிகாரச் சக்கரங்கள், பிரெஞ்சில் எழுதிய தாள்கள், லேஸ், முட்டை வடிவக் கறுப்புச் சட்டம், காகிதப் பூச்சரம் எல்லாம் அதில் இருந்தன. படத்தை ஜெராக்ஸ் எடுத்து, இவற்றோடு சேர்த்து ஒட்டிப் பார்த்தேன். அழகாகத்தான் வந்திருக்கிறது, ஆனால் யார் வீட்டு அட்டையோ போல இருக்கிறது. படத்தைப் பழுப்பாக்க டீ டிகாஷனில் நனைக்கச் சொல்கிறார்கள், ஓரத்தை ஊதுபத்தியால் கருக்கச் சொல்கிறார்கள். அசல் படத்தையே ஒட்டினால்தான் உயிர் இருக்கும் என்கிறாள் என் தங்கை. என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

ம., கரூர்

*

அன்புள்ள ம.,

முதலில் உங்கள் தங்கைக்கு. அசல் படத்தை ஒட்ட வேண்டாம். பதினேழு வயதில் நான் அதைச் செய்தேன். எங்கள் அப்பத்தாவுக்கு இருந்தது ஒரே ஒரு படம். அதை ஒரு சார்ட் அட்டையில் வெள்ளைப் பசை தடவி ஒட்டினேன். பசையின் ஈரத்தில் படம் உப்பியது. சரி, எடுத்துவிட்டு மறுபடி ஒட்டலாம் என்று ஈரத்துணி வைத்து உரித்தேன். புகைப்படத் தாளின் மேல் இருப்பது மெல்லிய ஜெலட்டின் படலம், உருவம் முழுக்க அதில்தான் இருக்கிறது என்று அன்று எனக்குத் தெரியாது. அப்பத்தாவின் இடது கன்னம் துணியோடு வந்துவிட்டது. என் அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. மிச்சமிருந்த படத்தை வாங்கி டைரிக்குள் வைத்துக்கொண்டார். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நகல் எடுங்கள். ஸ்கேனர் கிடைத்தால் 600 டிபிஐயில், கலர் ஸ்கேனாகவே எடுங்கள். இல்லையென்றால் பகலில் ஜன்னலோரம், நேர் வெயில் விழாத இடத்தில் படத்தைத் தட்டையாக வைத்து, செல்போனை நேர் மேலே பிடித்து ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். படம் சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்காதீர்கள், கண்ணாடியோடு அப்படியே எடுக்கலாம். பிரிண்டை வீட்டு இங்க்ஜெட்டில் போடாமல் போட்டோ லேபில் மேட் தாளில் போடச் சொல்லுங்கள். பல இங்க்ஜெட் மைகள் ஈரம் பட்டால் கசியும்.

அடுத்தது பழுப்பு நிறம். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: உங்கள் படத்தைப் பழுப்பாக்காதீர்கள். பழைய படம் என்றால் பழுப்பு என்ற எண்ணம் 19ஆம் நூற்றாண்டுப் படங்களைப் பார்த்து வந்தது. அன்று முட்டையின் வெள்ளைக்கருவை உப்போடு கலந்து தாளில் பூசி, அதன்மேல் வெள்ளி நைட்ரேட் ஏற்றி அச்செடுத்தார்கள். 1850இல் பிரான்சில் வந்த முறை. அந்தத் தாளின் நிறமே செம்பழுப்பு சார்ந்தது, நாளாக ஆகக் கூடவே மஞ்சளும் ஏறும். பிற்காலத்தில் செப்பியா என்ற பழுப்பு நிறமேற்றும் முறை வந்ததற்குக் காரணம் வேறு. படத்தில் உள்ள வெள்ளியைச் சல்ஃபைடாக மாற்றினால் படம் கூடுதல் காலம் நிற்கும், அந்த மாற்றம் பழுப்பாகத் தெரியும். 1975இல் நம் ஊர் ஸ்டுடியோக்காரர் போட்டுக் கொடுத்தது புரோமைடு பிரிண்ட், அதாவது வெள்ளி புரோமைடு பூசிய தாளில் எடுத்த அச்சு. நல்ல கறுப்பு, நல்ல வெள்ளை. இப்போது அங்கங்கே மஞ்சள் தட்டியிருந்தால், படத்தை நிலைநிறுத்தப் பயன்படுத்தும் ஹைப்போ என்ற ரசாயனம் அன்று சரியாகக் கழுவப்படாமல் தங்கியிருக்கலாம். உங்கள் அம்மா அந்த உறையைப் பிரித்துப் பார்த்த நாளில் படம் பளிச்சென்று இருந்திருக்கும். அவர் நினைவில் இருப்பது அந்தப் படம். ஆகவே டீயும் வேண்டாம், ஊதுபத்தியும் வேண்டாம். அட்டைக்குப் பழுப்புத் தாள் வேண்டுமென்றால் அந்த நிறத்திலேயே கடையில் கிடைக்கிறது.

யார் வீட்டு அட்டையோ போல இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது, அது உண்மையிலேயே வேறொருவர் வீட்டு நினைவு. 1854இல் பாரிஸில் திஸ்தேரி என்ற புகைப்படக்காரர், ஒரே தகட்டில் எட்டுப் படம் எடுத்து, வெட்டி, விசிட்டிங் கார்டு அளவு அட்டைகளில் ஒட்டித்தரும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். படம் மலிவானது. ஐரோப்பாவில் வீடு வீடாக அந்த அட்டைகளை மாற்றிக்கொண்டார்கள், அவற்றைச் செருகிவைக்க ஆல்பம் வந்தது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அதைவிடப் பெரிய ‘கேபினெட்’ அட்டை வந்தது. நாலேகால் அங்குலத்துக்கு ஆறரை அங்குலம். அதே காலத்தில் அங்குள்ள பெண்கள் வண்ணத்தில் அச்சிட்டு வெட்டிவந்த ரோஜா, தேவதை, புறாப் படங்களை வாங்கி நோட்டுகளில் ஒட்டிவைத்தார்கள். உங்கள் கிட்டில் வந்த ரோஜா அந்த ரோஜாவின் பேத்தி. அவர்கள் பாட்டியின் அலமாரியைத் திறந்தால் அது வரும், அவர்களுக்கு அது நியாயமானது. உங்கள் அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் வேறு என்னென்னவோ வரும்.

அதைத் திறந்து பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. கல்யாணப் பத்திரிகை ஒன்றாவது இருக்கும், நாலு மூலையிலும் மஞ்சள் தடவி. அதைக் கலர் ஜெராக்ஸ் எடுத்தால் அட்டைக்குப் பின்னணித் தாள் தயார். அந்த மஞ்சள் கறையை எந்தக் கிட்டும் தராது. அப்பா அம்மாவுக்கு எழுதிய இன்லண்ட் லெட்டர், நைந்துபோன புடவையின் சரிகைக் கரை, எது கிடைத்தாலும் சரி. நைந்த புடவையிலிருந்து கரை எடுப்பதென்றால் அம்மாவுக்குத் தெரியாமல் எடுக்காதீர்கள். இன்னொன்று. நீங்கள் இருப்பது கரூர். மேஜை விரிப்பும் படுக்கை விரிப்பும் ஊர் ஊராகப் போகிற இடம். படத்தில் ஒரு மேஜை இருக்கிறது என்கிறீர்கள். ஸ்கேன் செய்ததும் பெரிதாக்கி, அதன் மேல் விரிப்பு இருக்கிறதா, என்ன நெசவு என்று பாருங்கள். கிட்டில் வந்த லேஸை எடுத்துவிட்டு, அதைப் போன்ற துணியில் ஒரு விரல் அகலம் வைத்தால் போதும்.

கிட்டிலிருந்து இரண்டு பொருளைக் கட்டாயம் விலக்கச் சொல்வேன். அந்தக் கறுப்புச் சட்டமும் காகிதப் பூச்சரமும். படத்தின் மேல் வளைத்து ஒட்டும்படி அந்தச் சரத்தைச் செய்திருப்பார்கள். நம் வீடுகளில் ஒரு படத்துக்கு மாலை போட்டால் அதன் பொருள் என்னவென்று உங்களுக்கே தெரியும். ஐம்பது வருடம் ஒன்றாக இருந்த இருவர், உறையைப் பிரித்ததும் தங்கள் படத்துக்கு மாலை போட்டிருப்பதைப் பார்க்கக் கூடாது. அவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் மனம் ஒரு நொடி சுருங்கும். ஓரம் கருக்குவதும் இதே கணக்குதான். கல்யாணப் படத்தில் தீ பட்ட தடம் எதற்கு? கறுப்புச் சட்டத்துக்குப் பதில் அரக்கு அல்லது குங்கும நிறத்தில் ஒரு மெல்லிய கோடு போடுங்கள்.

சரி, இப்போது செய்வது. 300 ஜிஎஸ்எம் கனத்தில் தந்த நிற அட்டை ஏ4 அளவில் ஒன்று வாங்குங்கள். சென்னை வந்தால் பாரிமுனைப் பக்கம் ஆண்டர்சன் தெருவில் வரிசையாகத் தாள் கடைகள்தான், ஆனால் இதற்காக வர வேண்டியதில்லை, ஊரிலேயே கிடைக்கும். மடிப்பதற்கு முன் அட்டையை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் எளிதாக வளையும், மறுபக்கம் முரண்டும். உங்கள் மாவட்டத்தில் புகழூர் காகித ஆலையில் கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்கிறார்களே, அதுபோன்ற ஆலைகளில் இயந்திரம் ஓடும் திசையில் நார்கள் படிந்துவிடும். எளிதாக வளைகிற வாக்குதான் அது, அந்த வாக்கிலேயே மடித்தால் மடிப்பு கத்தி போல வரும், குறுக்கே மடித்தால் வெடிக்கும். மடிக்கும் கோட்டில் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் இரண்டு முறை அழுத்திக் கோடு இழுத்துவிட்டு மடியுங்கள்.

உள்ளே வைக்கும் மவுண்ட் அட்டைக்கு அந்தப் பழைய கேபினெட் அளவையே எடுத்துக்கொள்ளலாம், 108க்கு 165 மில்லிமீட்டர். அதன் மேல் மூன்றரைக்கு ஐந்து அங்குலப் பிரிண்ட் அளவாக உட்காரும். நடுவில் வைக்காதீர்கள். மேலே ஒன்றேகால் சென்டிமீட்டர், கீழே இரண்டரை சென்டிமீட்டர் விடுங்கள். பழைய ஸ்டுடியோ அட்டைகளில் கீழே அப்படி இடம் விட்டு, அதில்தான் ஸ்டுடியோ பெயரைப் போடுவார்கள். அசலில் அப்படிப் பெயர் இருந்தால் அதையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் அந்த இடத்தில் உங்கள் கையெழுத்தில் ‘ராட்சச வருடம் ஆவணி’ என்றும், அதற்கு எதிரே ‘விசுவாவசு ஆவணி’ என்றும் எழுதுங்கள். 1975க்கும் 2025க்கும் உரிய தமிழ் வருடங்கள் அவை. பத்திரிகையில் ஒன்று ஏற்கெனவே அச்சாகியிருக்கும்.

படத்துக்குப் பசை வேண்டாம், மூலைகள் போதும். அவற்றைக் கடையில் வாங்காமல் நீங்களே மடியுங்கள். ஒன்றரை சென்டிமீட்டர் அகலம், மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு துண்டு. மேல் விளிம்பின் நடுவிலிருந்து இரண்டு பக்கத்தையும் கீழே மடக்கினால் முக்கோணம் வரும், நடுவில் ஒரு கோடு தெரியும். கோடு தெரிகிற பக்கம் பின்னால் போகட்டும். படத்தின் மூலையை முன்தாளுக்கும் மடிப்புகளுக்கும் நடுவில் செருகி, மடிப்பின் மேல் மட்டும் பசை தொட்டு மவுண்டில் ஒட்டுங்கள். நாலும் ஒட்டியபின் படம் ஆடாது, வேண்டும்போது வெளியேயும் வரும். பைண்டிங் கடைப் பசையை மட்டும் இதற்கு வாங்காதீர்கள். பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் போடுவதுண்டு, படத்துக்கு அது ஆகாது.

இனி எனக்குப் பிடித்த வேலை. பழைய கல்யாண ஆல்பங்களில் ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவே ஒரு பட்டர் பேப்பர் இருக்குமே, சிலந்தி வலை டிசைன் போட்டு, நினைவிருக்கிறதா? சின்ன வயதில் எனக்குப் படங்களைவிட அந்தத் தாள்தான் பிடிக்கும். அடியில் முகங்கள் பனிக்குள் இருப்பது போலத் தெரியும், புரட்டும்போது சலசலக்கும். அதை நீங்களே செய்யலாம். 90 ஜிஎஸ்எம் டிரேசிங் பேப்பரை மவுண்டைவிட ஒரு சென்டிமீட்டர் உயரமாக வெட்டுங்கள். டவலை இரண்டாக மடித்து அதன்மேல் தாளைப் போட்டு, அதே மை தீர்ந்த பேனாவால் மெதுவாகக் கோடு இழுங்கள். முதல் கோட்டில் ஒன்றும் தெரியாது. மூன்றாவது நான்காவது முறை அதே தடத்தில் போகும்போது கோடு சாம்பலாகி, அப்புறம் வெள்ளையாகும். மை இல்லாமல் எப்படி என்று தோன்றும். அழுத்தத்தில் தாளின் நார் நொறுங்கி, உள்ளே சிறுசிறு காற்று இடைவெளிகள் விழுகின்றன. ஒளி அங்கே சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது. அவசரப்பட்டு ஒரேயடியாக அழுத்தினால் கிழியும். ஒரு மூலையிலிருந்து எட்டு ஒன்பது கோடுகளை விரித்து, அவற்றைத் தொய்ந்த வளைவுகளால் இணைத்துக்கொண்டே போங்கள். வளைவுகள் கொஞ்சம் கோணலாக வந்தால்தான் வலை போல இருக்கும். பிறகு தாளைத் திருப்பினால் கோடுகள் மேடாக எழும்பி நிற்கும், விரலால் தடவிப் பார்க்கலாம். மேலே விட்ட ஒரு சென்டிமீட்டரை மவுண்டின் பின்னால் மடித்து டபுள் சைடு டேப்பால் ஒட்டிவிடுங்கள். பத்திரிகை நகலின் மேல் மவுண்டை வைத்து, புடவைக் கரையையோ நெசவுத் துண்டையோ ஒரு பக்கம் வைத்தால் முடிந்தது. இதற்கு மேல் எதையும் ஒட்ட வேண்டாம்.

கிட்டில் மிச்சமானதை வீணாக்காதீர்கள், குழந்தைகள் இருந்தால் அவர்களிடம் கொடுங்கள். ஈஃபில் கோபுரத்தை வைத்து அவர்கள் ஏதாவது செய்வார்கள்.

அசல் படத்தை அதன் உறையிலேயே வைத்து, வெளிச்சுவர் ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். வைப்பதற்கு முன் பின்புறம் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பெயர்களையும் ஊரையும் மாதத்தையும் எழுதுங்கள். பேனா வேண்டாம். மாதம் சரியாக நினைவில்லை என்றால் அம்மாவிடம் கேளுங்கள். கேட்கும்போது அப்படியே, அன்று ஸ்டுடியோவுக்கு நடந்து போனார்களா, பஸ்ஸில் போனார்களா, நாற்காலியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னது யார் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் இடம் போதாவிட்டால் தனித்தாளில் எழுதி உறைக்குள் வைக்கலாம்.

அன்புடன்,
அக்கா