அரியர் விழுந்துவிட்டது, யாரிடம் போய்க் கேட்பது?

கேள்வி: அரசு கல்லூரி ஒன்றில் முதலாண்டு படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான்தான். பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கியவன். முதல் செமஸ்டரில் கணிதத்திலும் புள்ளியியலிலும் அரியர். வகுப்பில் நூறு பேருக்கு மேல் இருக்கிறோம், பேராசிரியருக்கு என் பெயர்கூடத் தெரியாது. போய்க் கேட்டால் 'இதுகூடத் தெரியாதா' என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். தினமும் இரவு தனியாக உட்கார்ந்துதான் படிக்கிறேன், மண்டையில் ஏறவில்லை. ஓராண்டு விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டு வரலாமா?

பதில்: நீங்கள் உழைக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தினமும் உட்காருகிறவர் நீங்கள். எனக்குப் பிரச்சினையாகத் தெரிவது, நீங்கள் தனியாகவே உட்காருவதுதான்.

இதை நேரில் பார்த்து எழுதியவர் ஒருவர் இருக்கிறார். அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில், 1970களின் பிற்பகுதியில், கறுப்பின மாணவர்கள் பலர் முதலாண்டு நுண்கணிதத்தில் தோற்றுக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று ஆசிரியர்களைக் கேட்டால் ஆர்வம் இல்லை, பள்ளி அடித்தளம் போதாது, வீட்டில் ஆதரவு இல்லை, வசதி இல்லை என்று பதில் வந்தது. யூரி ட்ரைஸ்மன் என்ற ஆய்வாளர் அதோடு விடவில்லை. கறுப்பின மாணவர்கள் 20 பேர், அதே பாடத்தில் நன்றாகச் செய்த சீன அமெரிக்க மாணவர்கள் 20 பேர் எப்படிப் படிக்கிறார்கள் என்று மாதக்கணக்கில் கூடவே இருந்து பார்த்தார். ஆசிரியர்கள் சொன்ன காரணங்கள் எதுவும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் ஆர்வத்தோடுதான் படித்தார்கள். ஆனால் கிட்டத்தட்ட எல்லோரும் தனியாகப் படித்தார்கள். சீன அமெரிக்க மாணவர்கள் முதலில் தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு கூடி உட்கார்ந்து விடைகளை ஒப்பிட்டார்கள். ஒரு கணக்கு யாருக்குமே வரவில்லை என்றால், அந்தக் கணக்கே கடினமானது என்று அவர்களுக்குத் தெரிந்தது. தனியாக உட்கார்ந்தவருக்கு அது தெரிய வழியே இல்லை. எனக்குத்தான் மூளை இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டார். உங்கள் இரவுகளில் நடப்பதும் இதுவாகத்தான் இருக்கும்.

அதன் பிறகு ட்ரைஸ்மன் நடத்திய பட்டறையில் 'பின்தங்கியவர்களுக்கான எளிய பாடம்' எதுவும் இல்லை. கடினமான கணக்குகளைக் கொடுத்துக் குழுவாகப் போடச் சொன்னார். வந்தவர்களின் மதிப்பெண் நன்றாகவே ஏறியது.

நீங்களும் மூன்று நான்கு பேர் சேருங்கள். வகுப்பின் முதல் மாணவர் வேண்டும் என்று தேடாதீர்கள், சொன்ன நேரத்துக்கு வருகிற ஆட்கள் போதும். வாரத்தில் இரண்டு நாள், நேரம் மாறாமல் சந்தியுங்கள். வருமுன் ஒவ்வொருவரும் அதே ஐந்து கணக்குகளைத் தனியாக முயன்றிருக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இல்லையென்றால் ஒருவர் போட மற்றவர் பார்த்து எழுதும் கூட்டமாகிவிடும். சந்திப்பில் ஒருவர் எழுந்து பலகையில் விளக்கட்டும், மற்றவர்கள் 'இந்த வரி எப்படி வந்தது' என்று கேட்கட்டும். பழைய வினாத்தாள்களைச் சேர்த்து வையுங்கள்.

அப்புறம் பேராசிரியர். பெரும்பாலான ஆசிரியர்களுக்குச் சிரமம் தருவது 'சார், எதுவுமே புரியவில்லை' என்று வருகிற மாணவர்தான். அதற்கு அவர் எங்கிருந்து தொடங்குவார்? முயன்று பாதியில் நின்ற ஒரு பக்கத்தை எடுத்துப் போங்கள். 'மூன்றாவது வரி வரைக்கும் வந்துவிட்டேன், இதற்கு மேல் எப்படிப் போவது என்று தெரியவில்லை' என்று சொல்லுங்கள். இதைக் கேட்டு 'இதுகூடத் தெரியாதா' என்று சொல்கிற ஆசிரியர் அபூர்வம். அப்படி ஒருவர் அமைந்துவிட்டால் அதே பாடம் எடுக்கும் இன்னொருவரிடம் போங்கள், அதில் தப்பே இல்லை. முதல் சந்திப்பிலேயே உங்கள் விடைத்தாளைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். கருத்து புரியாமல் போனதா, கூட்டல் கழித்தலில் தவறியதா, நேரம் போதவில்லையா என்பது அதில் தெரிந்துவிடும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

'ஏறவில்லை' என்பது பற்றியும் சொல்ல வேண்டும். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை நான்கு தடவை உட்கார்ந்து படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 40 விழுக்காட்டை நினைவில் வைத்திருந்தார்கள். ஒரே தடவை உட்கார்ந்து படித்துவிட்டு, தாளை மூடி மூன்று முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 61 விழுக்காடு. ஆனால் ஐந்தே நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். இரவில் படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருப்பதும், தேர்வறையில் காணாமல் போவதும் இதனால்தான். புத்தகத்தை மூடுங்கள், எழுதுங்கள், பிறகு திறந்து சரிபாருங்கள்.

சரி, படிப்பைத் தாண்டிய விஷயங்கள். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் இரண்டாண்டுக் கல்லூரிகளில் 2007இல் ஏசாப் என்ற திட்டம் தொடங்கினார்கள். உதவித்தொகை போக மீதிக் கட்டணம், பாடப்புத்தகம், பயணச் செலவு, தனிப்பயிற்சி எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்து, ஆலோசகரை அடிக்கடி சந்திப்பதைக் கட்டாயமாக்கினார்கள். குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டபோது, மூன்றாண்டில் பட்டம் முடித்தவர்கள் திட்டத்தில் 40 விழுக்காடு, வெளியே 22 விழுக்காடு. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தக் கட்டாயம். உதவி தேவைப்படுகிறவர் தானாக வருவார் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. உங்கள் கல்லூரியில் இவை ஒரே கூரையின் கீழ் இருக்காது, துண்டு துண்டாக இருக்கும். உதவித்தொகைக்கு ஓர் அலுவலகம், புத்தகத்துக்கு நூலகம், மனச்சோர்வுக்கு ஆலோசகர். உங்கள் வகுப்புப் பொறுப்பாசிரியரிடம் இந்த மூன்றும் எங்கே என்று ஒரே தடவையில் கேட்டுக்கொள்ளுங்கள். தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்காக இருந்தால் ஆலோசகரிடம்தான் முதலில் போக வேண்டும்.

ஓராண்டு விடுவதை நான் இப்போது பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு தாளுக்காகப் படிப்பை நிறுத்தத் தேவையில்லை. வேலைக்குப் போய்ச் சம்பளம் வரத் தொடங்கியபின் திரும்புவது கடினம். வீட்டில் பணக் கஷ்டம்தான் உண்மையான காரணம் என்றால், அதை வெளிப்படையாகச் சொல்லி உதவித்தொகையும் கட்டணத் தவணையும் கேளுங்கள். அதற்குப் பிறகும் விட்டே ஆகவேண்டும் என்றால், போகுமுன் அலுவலகத்தில் கேட்க வேண்டியவை இவை: என் சேர்க்கை அப்படியே நிற்குமா, தேர்ச்சி பெற்ற தாள்கள் செல்லுமா, பாடத்திட்டம் மாறினால் நான் எதை எழுத வேண்டும், பட்டம் முடிக்க மொத்தம் எத்தனை ஆண்டு அனுமதி, உதவித்தொகை நின்றுபோகுமா. வாய்மொழியாகப் பதில் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். விண்ணப்பமாக எழுதிக் கொடுத்து, முத்திரையிட்ட நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.