மருந்து தோய்த்த காஸ் துணி: எந்த வேலையை வெளியே கொடுக்கலாம்?

கேள்வி: பல்லடம் அருகே 24 விசைத்தறிகள் ஓட்டுகிறேன். கிருமிநீக்கம் செய்யாத காஸ் துணியும் (புண்ணுக்குக் கட்டும் மெல்லிய வலைத்துணி) பேண்டேஜும் நெய்து, மருத்துவமனைகளுக்குச் சரக்குக் கொடுக்கும் வியாபாரிகளுக்கு விற்கிறேன். அடுத்ததாக, தீக்காயத்துக்கும் சிராய்ப்புக்கும் போடுகிற, பாரஃபின் என்ற மெழுகுப் பசையும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிகொல்லி மருந்தும் தோய்த்த காஸைத் தயாரிக்க விரும்புகிறேன். உரிமம், பரிசோதனை, கிருமிநீக்கம், பேக்கிங், கணக்கு வழக்கு அனைத்தையும் ஒரே தொகைக்கு முடித்துத் தருவதாக ஓர் ஆலோசகர் சொல்கிறார். எல்லாவற்றையும் அவரிடம் விட்டுவிட்டால் ஆகாதுங்களா?

பதில்: ஆகாதுங்க. வேலையை வெளியே கொடுப்பதே தவறு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நம் ஊரில் யாரும் தொழில் செய்ய முடியாது. திருப்பூரில் ஒரு பனியன் பெட்டிக்குள் போவதற்கு முன் நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங், தையல் என்று ஐந்தாறு பட்டறைகளின் ஜாப் ஒர்க்கைக் கடந்து வருகிறது. அந்த ஏற்பாடு இத்தனை ஆண்டுகளாக ஓடுவதற்குக் காரணம், அதில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை செக்கிங் மேசையிலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடுவதுதான். ஓட்டை விழுந்தால் தெரியும், சாயம் மாறினால் தெரியும், அளவு குறைந்தால் டேப் சொல்லிவிடும். மருந்து தோய்த்த துணியில் மருந்து செத்துப் போயிருந்தாலும் துணி பளிச்சென்றுதான் இருக்கும். ஆகவே எந்த வேலையை வெளியே கொடுக்கலாம் என்று யோசிக்கும்போது, செலவைப் பார்ப்பதற்கு முன், அந்த வேலையில் தவறு நடந்தால் அதைக் கண்டுபிடிக்க உங்களிடம் வழி இருக்கிறதா என்று பாருங்கள். வழி இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். இல்லாவிட்டால், முதலில் அந்த வழியை ஏற்படுத்திக்கொண்டு பிறகு கொடுக்க வேண்டும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், உங்களுடைய மிகப் பெரிய ஆபத்து ஆலோசகரின் பட்டியலிலேயே இல்லை. இப்போது நீங்கள் யோசிக்காமல் கூலிக்குக் கொடுத்து வாங்கும் சலவையில் இருக்கிறது. குளோர்ஹெக்சிடின் நேர்மின்னேற்றம் கொண்ட மருந்து. எதிர்மின்னேற்றம் கொண்ட பொருளைக் கண்டால் அதனுடன் ஒட்டிக்கொண்டு, கிருமியைக் கொல்லும் வேலையைக் கைவிட்டுவிடும். சோப்பு அப்படிப்பட்ட பொருள். பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்குப் போடும் கஞ்சியில் கார்பாக்சி மெத்தில் செல்லுலோஸ் கலந்திருந்தால் அதுவும் அப்படித்தான். வெண்மை கூட்டப் பயன்படும் பிரைட்னர்களில் பலவும் அதே வகை. தறியிலிருந்து இறங்கிய வெளுக்காத காடா துணியைச் சலவைக்கு அனுப்புகிறீர்கள். கஞ்சி முழுவதும் நீங்காமலோ, அலசல் போதாமலோ, துணி கொஞ்சம் வெளுப்பாகத் தெரியட்டும் என்று நல்லெண்ணத்தில் பிரைட்னர் ஒரு கை கூடுதலாகப் போட்டோ திருப்பி அனுப்புகிறார்கள். சாதாரண பேண்டேஜாக விற்றபோது ஒருவரும் கேட்காத அந்த மாற்றம், மருந்து தோய்த்த பிறகு உங்கள் பொருளையே பயனற்றதாக்கிவிடும். துணியில் 0.5 சதவீத மருந்து இருப்பதாக ஆய்வகச் சான்று கையில் இருக்கும். ஆனால் அந்த மருந்தில் எவ்வளவு துணியை விட்டுப் புண்ணுக்கு இறங்குகிறது என்பது வேறு கணக்கு. பருத்தி நாரே குளோர்ஹெக்சிடினை ஓரளவு பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், மொத்த அளவை மட்டும் சோதித்துவிட்டு நிறுத்துவது போதாது. வெளியேறும் அளவையும் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

இதில் பாதியை உங்கள் ஷெட்டிலேயே பிடித்துவிடலாம். இருட்டறையில் 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கின் கீழ் துணியை விரித்தால், பிரைட்னர் ஏறிய துணி நீலமாக ஒளிரும். நல்ல மருத்துவக் காஸ் மங்கிய பழுப்பு கலந்த ஊதாவாகத் தெரியும். கொஞ்சம் துணியைக் காய்ச்சி வடித்த நீரில் ஊற வைத்துப் பிழிந்து, அந்த நீரைச் சோதனைக் குழாயில் குலுக்கிப் பார்த்தால், நிற்கும் நுரை சோப்பு மிச்சத்தைக் காட்டிக் கொடுக்கும். ஒவ்வொரு லாட்டிலும் இந்த இரண்டையும் செய்து நோட்டில் எழுதுபவர் உங்கள் ஆளாக இருக்க வேண்டும். மற்ற பரிசோதனைகளுக்குக் கோவையில் 1956 முதல் இயங்கிவரும் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. மருத்துவத் துணிகளுக்கென்றே அங்கு ஒரு சிறப்பு மையம் உண்டு. எந்த ஆய்வகத்துக்குப் போனாலும், அது என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்றதா என்பதோடு, நீங்கள் கேட்கும் குறிப்பிட்ட சோதனை அந்த அங்கீகாரப் பட்டியலில் அடங்குகிறதா என்றும் கேளுங்கள், இரண்டும் ஒன்றல்ல.

கிருமிநீக்கத்தை வெளியேதான் கொடுத்தாக வேண்டும். கதிர் பாய்ச்சிக் கிருமியைக் கொல்லும் காமா கதிர் நிலையத்தைப் பல்லடத்தில் நீங்கள் கட்டப் போவதில்லை. ஆனால் எந்த முறை என்பதை நீங்களே முடிவு செய்ய வேண்டும். ஆலோசகர் எத்திலீன் ஆக்சைடு வாயு போதும் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். வாயுவும் நீராவியும் எண்ணெய்ப் பசைக்குள் சரியாக ஊடுருவா. பாரஃபின் காஸுக்குப் பழைய வழி உலர் வெப்பம். அந்த வெப்பத்தில் குளோர்ஹெக்சிடின் சிதைந்து, குளோரோஅனிலின் என்ற நச்சுப் பொருள் உண்டாகும். துணிக்கும் பாரஃபினுக்கும் பொருந்திய முறை மருந்துக்குப் பொருந்தவில்லை. துணியும் மருந்தும் சேர்ந்த இத்தகைய கூட்டுப் பொருள்களைத் தயாரிப்பதில் உள்ள சிக்கல் பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் வரும். மிஞ்சுவது கதிர்வீச்சு. வழக்கமான 25 கிலோகிரே (கிலோகிரே என்பது கதிரின் அளவைச் சொல்லும் அலகு) அளவை எளிய முறையில் நிரூபிக்க வேண்டுமானால், கதிருக்குப் போகும் முன் ஒரு பொருளில் சராசரியாக 1,000 நுண்ணுயிர்களுக்கு மேல் இருக்கக் கூடாது. பஞ்சுத் தூசி பறக்கும் தறிக் கூடத்தின் ஓரத்தில் மடித்துப் பேக்கிங் செய்தால் அந்த எண்ணிக்கையைக் காப்பாற்றுவது கடினம். தவிர, கதிர் பருத்தியின் வலுவையும் ஓரளவு குறைக்கும். கதிருக்குப் பிந்திய இழுவலிமையையும் மருந்தின் அளவையும் அளந்து பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

காலாவதித் தேதியில் இன்னொரு மோதல் காத்திருக்கிறது. மருத்துவச் சாதனங்களின் பேக்கிங்கைச் சோதிக்கும் ஆய்வகங்கள் 55 டிகிரி சூட்டில் சில வாரங்கள் வைத்து ஆண்டுக்கணக்கான ஆயுளை மதிப்பிடுவது வழக்கம். அந்தச் சூட்டில் உங்கள் பாரஃபின் உருகி வடிந்துவிடும். மருந்துக்கான துரிதச் சோதனை 40 டிகிரியிலும் 75 சதவீத ஈரப்பதத்திலும் 6 மாதம் நடக்க வேண்டியது. அதோடு உண்மையான காலத்துக்கு வைத்துப் பார்க்கும் சோதனையும் தேவை. எனவே “மூன்றே மாதத்தில் இரண்டாண்டு காலாவதிச் சான்று” என்று எவராவது சொன்னால், அவர் துணியை மட்டும் நினைத்துப் பேசுகிறார். இந்த உருகும் குணத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் நானே நேரில் பார்த்தேன். நான் ஆலோசனை சொன்ன ஒரு தயாரிப்பாளரின் சரக்கு, சித்திரை வெயிலில் மூடிய லாரியில் கதிர் நிலையத்துக்குப் போய்த் திரும்பியிருந்தது. டப்பாவைத் திறந்தால் மேலிருந்த நாலைந்து துண்டுகள் வறண்டு கிடந்தன. அடித்துண்டு பாரஃபினில் மிதந்தது. தயாரிப்பு, கதிர் இரண்டிலும் பிழையில்லை. லாரி வாடகையை யார் பேசினார்கள், எந்த நேரத்தில் வண்டி கிளம்பியது என்பதை எந்த ஒப்பந்தத்திலும் எழுதவில்லை. அதை எழுதச் சொல்லாதது என் பிழை.

உரிமத்துக்கு வருவோம். காஸும் பேண்டேஜும் சட்டத்தின் கண்ணில் மருத்துவச் சாதனங்கள். மருத்துவச் சாதன விதிகள், 2017 என்பவை 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. சாதனங்களை ஆபத்தின் அளவுக்கேற்ப A, B, C, D என்று பிரிக்கின்றன. A, B உற்பத்தி உரிமங்களை மாநில அதிகாரியும், C, D உரிமங்களை மத்திய அதிகாரியும் வழங்குகிறார்கள். கிருமிநீக்கம் செய்யாத, அளவிடும் வேலை இல்லாத A வகைக்குப் பதிவு மட்டும் போதும் என்பதால், இந்தக் கதவை நீங்கள் இதுவரை பெரிதாகத் தட்டியிருக்க மாட்டீர்கள். மருந்து சேர்ந்ததும் நிலைமை தலைகீழாகிறது. தனியே மருந்தாகக் கருதப்படக்கூடிய ஒன்று, சாதனத்துக்குத் துணையாக உடலில் செயல்படுமானால், அந்தச் சாதனம் பொது விதிப்படி D வகைக்குப் போகும். மருந்தின் செயலே முதன்மை என்றால் அது சாதனமாகவே கருதப்படாமல் மருந்து உரிமத்தின் கீழ் வரலாம். “புண்ணை மூடிக் காக்கும்” என்று லேபிளில் எழுதுவதற்கும் “தொற்றைக் குணப்படுத்தும்” என்று எழுதுவதற்கும் இடையே உங்கள் வகையே மாறிவிடும். அமெரிக்காவில்கூட இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 2002இல் தனி அலுவலகமே அமைத்தார்கள். எந்தச் செயல் முதன்மை என்ற கேள்வியைத்தான் அங்கும் முதலில் கேட்கிறார்கள். ஆகவே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வெளியிட்டுள்ள வகைப் பட்டியலைப் பார்த்துவிட்டு, உங்கள் பொருளின் சேர்மானத்தையும் லேபிள் வாசகத்தையும் இணைத்து, எழுத்து மூலமாக விளக்கம் கேளுங்கள். அந்தப் பதில் கைக்கு வரும்வரை இயந்திரம் வாங்க முன்பணம் கொடுக்காதீர்கள். களிம்பு தயாரிக்கும் உரிமம் பெற்ற ஆலை ஒன்றில் லோன் லைசென்ஸ் முறையில், அதாவது அவர்களுடைய ஆலையில் உங்கள் பெயரிலான உரிமத்தில், தயாரிக்க முடியுமா என்றும் அப்போதே கேட்டுவிடலாம். உங்கள் நிலையில் சொந்தமாகக் கட்டுவதைவிட அது நல்ல வழி என்பது என் கருத்து.

விண்ணப்பத்தைத் தயாரிக்க ஆலோசகரை அமர்த்துவதில் தவறில்லை. ஆனால் இணையதளக் கணக்கு உங்கள் மின்னஞ்சலிலும் உங்கள் கைபேசி எண்ணிலும் இருக்கட்டும். ஈரோட்டுப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர், எல்லாவற்றையும் ஆலோசகரின் எண்ணில் பதிவு செய்துவிட்டு, சண்டை வந்த பிறகு ஓ.டி.பி.க்காக அவர் வாசலில் நின்றார். ஆய்வகத்தின் மூலத் தரவுகளும் உங்கள் பெயருக்கே வர வேண்டும். சுருக்க அறிக்கை மட்டும் போதாது. பணத்தை மொத்தமாகப் பேசாமல், வகை விளக்கம், வடிவமைப்புக் கோப்பு, சோதனை முடிவு, உரிமம் என்று கட்டம் கட்டமாகப் பிரித்துக் கொடுங்கள்.

கணக்கு, ஜி.எஸ்.டி., பி.எஃப்., இ.எஸ்.ஐ. வேலைகளை உங்கள் ஆடிட்டரிடமே விடலாம்; அவற்றில் தவறு நடந்தால் நோட்டீஸ் வந்துவிடும். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்பதையும், சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்பதையும் அவர் நினைவூட்டுவார். லேபிள் வடிவமைப்பை வெளியாளிடம் கொடுத்தால் பதிப்புரிமையை எழுத்தில் மாற்றி வாங்குங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் சட்டப்படி அது 5 ஆண்டுக்குத்தான் செல்லும்.

சலவைப் பட்டறை, கதிர் நிலையம், ஆய்வகம், பேக்கிங் எதுவாயினும் ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்: ரசாயனம், இயந்திரம், இடம் ஆகியவற்றில் எதை மாற்றினாலும் மாற்றுவதற்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், வேலையை இன்னொருவருக்கு உள்ளே மாற்றிக் கொடுக்கக் கூடாது. 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாய, சலவைப் பட்டறைகள் மூடப்பட்டபோது, பலர் அவசரத்துக்குக் கிடைத்த இடத்தில் வேலையை முடித்து வாங்கினார்கள். பனியனுக்கு அது தாங்கியது. உங்கள் பொருளுக்கு இரண்டாவது சலவைப் பட்டறையை இப்போதே சோதித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பேட்ச்சைச் சந்தைக்கு விடலாமா என்ற கையெழுத்தும், புகார் வந்தால் எடுக்கும் தொலைபேசியும் உங்களிடமே இருக்க வேண்டும். உரிமம் உங்கள் பெயரில் இருக்கிறது.

ஆலோசகரிடம் அடுத்த முறை பேசும்போது, பாரஃபினுக்குள் இருக்கும் குளோர்ஹெக்சிடினை எப்படிக் கிருமிநீக்கம் செய்யப் போகிறார் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அதற்கு முன், உங்கள் சலவைப் பட்டறைக்காரரிடம் சென்ற வாரம் எந்தப் பிரைட்னர் போட்டார் என்று கேளுங்கள்.