அம்மாவுக்கு அக்கலேசியா (உணவுக்குழாயின் கீழ்முனைத் தசை தளராமல், உணவு இரைப்பைக்குள் இறங்காத நோய்). ஒரு டாக்டர் பலூன் (அந்த முனையைப் பலூனால் விரிப்பது) என்கிறார், இன்னொருவர் போயம் (எண்டோஸ்கோப் வழியே அந்தத் தசையை வெட்டுவது) என்கிறார். எதைச் செய்வது?

மேனோமெட்ரி (உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் பரிசோதனை) ரிப்போர்ட்டில் அக்கலேசியா எந்த டைப் என்று போட்டிருக்கிறது, பாருங்கள். பாதி பதில் அங்கேயே இருக்கிறது. டைப் 1, 2 என்றால் இரண்டையும் யோசிக்கலாம். டைப் 3 என்றால் இரைப்பை வாய் மட்டுமல்ல, அதற்கு மேலே உணவுக்குழாயும் இழுத்துப் பிடிக்கும். பலூன் வாயை மட்டுமே விரிக்கும், அங்கே போயம்தான். மேனோமெட்ரியே எடுக்காமல் தேதி குறித்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

போயம் என்பது டாக்டர் ஹாருஹிரோ இனோவே 2008-இல் ஜப்பானில் முதன்முதலாக நோயாளிக்குச் செய்த முறை. முழு மயக்கம் கொடுத்து, வாய்வழியே எண்டோஸ்கோப் போகும். நீலச் சாயம் கலந்த உப்புநீரை உணவுக்குழாயின் உள்தோலுக்கு அடியில் ஏற்றினால் அது கொப்புளம்போல எழும்பும். அதில் சுமார் 2 செ.மீ. கீறி, எண்டோஸ்கோப்பை உள்தோலுக்கும் தசைக்கும் நடுவே நுழைத்து, சுரங்கம்போலப் பிரித்துக்கொண்டே இரைப்பைக்குள் 2–3 செ.மீ. வரை போவார்கள். அதன்பிறகே தசையை வெட்டுவது. அந்த வெட்டு கீறலுக்கு நேராக இருக்காது, 2–3 செ.மீ. கீழே தள்ளித் தொடங்கும். கீறலைக் கிளிப் போட்டு மூடிவிட்டால், வெட்டிய இடத்துக்கு உள்தோலே மூடி; எச்சில் மார்புக்குள் கசியாது.

சொதப்ப ஒரு காரணம், சுரங்கம் இரைப்பைவரை போகாதது. அடைப்பு அப்படியே நிற்கும். இன்னொன்று, வழக்கமான எட்டு மணி நேரப் பட்டினி இதற்குப் போதாது. பழைய சோறு குழாயிலேயே தேங்கி, மயக்கத்தில் நுரையீரலுக்குள் போகலாம். ஓரிரு நாள் முன்பிருந்தே திரவ உணவு மட்டும் கொடுங்கள். காற்றுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு ஊதுகிறார்களா என்றும் கேளுங்கள். வயிற்றிலோ மார்பிலோ கசிந்தாலும் அது சீக்கிரம் கரைந்துவிடும். மறுநாள் கழுத்துத் தோலை அழுத்தினால் நறநறக்கலாம்; தோலடியில் தங்கிய வாயுதான், பயப்பட வேண்டாம். காய்ச்சல், மூச்சுத்திணறல், கூடிக்கொண்டே போகும் நெஞ்சுவலி என்றால் உடனே சொல்ல வேண்டும்.

2019-இல் வந்த ஓர் ஒப்பீட்டில், இரண்டு வருடம் கழித்தும் பலன் நீடித்தது போயத்தில் 92%, பலூனில் 54%. ஆனால் பலூனை 35 மி.மீ. அகலத்தோடு நிறுத்திவிட்டார்கள், 40 வரை போயிருந்தால் இடைவெளி குறைந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அமிலம் மேலேறி உணவுக்குழாய் புண்ணானதோ போயத்தில் 41%, பலூனில் 7%. நெஞ்செரிச்சல் இல்லாமலேயே புண் வரும். எனவே அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்தாமல், சொன்ன தேதியில் எண்டோஸ்கோப்பி பாருங்கள்.

எதைச் செய்தாலும் குழாய்க்குத் தள்ளும் சக்தி பெரும்பாலும் திரும்பாது, உணவு தன் எடையில்தான் இறங்கும். நிமிர்ந்து உட்கார்ந்து மென்று தின்று, இடையிடையே தண்ணீர் குடிக்கட்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி வேண்டும்.