மயஸ்தீனியா கிராவிஸ்: இந்தப் பெயருக்கு என்ன பொருள், எங்கிருந்து வந்தது?

அக்காவின் மருத்துவச் சீட்டில் இந்த நோயின் பெயரைப் பார்த்த அன்று நானும் இதே கேள்வியோடுதான் அகராதியைப் புரட்டினேன்.

'மிஸ்' என்றால் கிரேக்கத்தில் தசை. எலிக்கும் அதே சொல்தான். கையை மடக்கினால் தோலுக்கடியில் எலி ஓடுவதுபோல் தசை புரள்கிறதே, அதனால் என்பார்கள். 'ஸ்தெனோஸ்' என்றால் வலு. நியாயம் முன்னால் 'அ' சேர்ந்து அநியாயம் ஆவதுபோல, இங்கேயும் 'அ' சேர்ந்து வலுவின்மை ஆகிறது. 'கிராவிஸ்' மட்டும் லத்தீன்: கனமானது, கடுமையானது. பெயரை வைத்தவர் ஜெர்மன் மருத்துவர் ஃபிரெட்ரிக் யோலி, 1895இல். அவர் வைத்ததில் 'சூடோபாராலிட்டிகா', அதாவது பொய்யான செயலிழப்பு, என்று ஒரு வாலும் இருந்தது. அது பிறகு உதிர்ந்துவிட்டது.

தமிழில் வெறுமனே 'தசை பலவீனம்' என்று சொல்வது எனக்குப் போதவில்லை. காலையில் அக்கா செய்தித்தாளைச் சரளமாக வாசிப்பாள். சாயங்காலம் இடது இமை பாதிக் கண்ணை மூடியிருக்கும், எழுத்து இரண்டிரண்டாகத் தெரியும். ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணச் சொன்னால், போகப் போகக் குரல் மூக்கில் போய் நிற்கும். கொஞ்சம் ஓய்வெடுத்தால் திரும்பிவிடும். தூக்கம் போதவில்லை என்றுதான் முதலில் பார்த்த டாக்டர் சொன்னார். வலு இல்லாமல் போவதில்லை, பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்கிறது. நோயின் அடையாளமே அதுதான். 1672இலேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், நெடுநேரம் பேசினால் மீனைப்போல ஊமையாகி, ஓரிரு மணி நேரம் கழித்தே குரல் திரும்பிய ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். படித்தபோது அக்காவைத்தான் நினைத்துக்கொண்டேன்.

காரணம் தசையில் இல்லை. நரம்பு தசைக்குச் செய்தியாக அனுப்பும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை, பெரும்பாலானவர்களிடம், உடலின் சொந்த எதிர்ப்புப் பொருள்களே தாக்குகின்றன.

அப்புறம் அந்த 'கிராவிஸ்'. யோலியின் காலத்தில் கைகொடுக்கும் மருந்து இல்லை. 1934இல்தான் மேரி வாக்கர் என்ற மருத்துவர் ஃபைசோஸ்டிக்மைன் என்ற மருந்தைக் கொடுத்து, நோயாளி தேறுவதைக் காட்டினார். இன்று சிகிச்சையோடு பெரும்பாலோர் வழக்கமான வாழ்க்கை வாழ்கிறார்கள், அக்காவும்தான். ஆகவே பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். ஆனால் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தால் அந்தச் சொல் இன்றும் உண்மைதான். ஓய்வெடுத்தால் சரியாகும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.