புத்தகத்தை மூடிய பிறகு என்ன மிஞ்சுகிறது? பிளஸ் டூ மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். படிக்கும் முறை, நேரம், பழக்கம் பற்றி மாணவர்களும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

டீச்சர், தினமும் நான்கைந்து மணி நேரம் படிக்கிறேன். படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது. தேர்வில் உட்கார்ந்தால் பாதிதான் வருகிறது. எனக்கு ஞாபகசக்தி குறைவா?
(பிளஸ் டூ மாணவி, தேனி மாவட்டம்)

மகளே, உன் ஞாபகசக்தியில் எந்தக் கோளாறும் இல்லை. நீ பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறாய் என்று நினைக்கிறேன். மூன்றாவது முறை வாசிக்கும்போது வரிகள் கண்ணுக்குப் பழகிவிடும். பழகியதையெல்லாம் தெரிந்தது என்று மனம் எடுத்துக்கொள்ளும். தெருவில் எதிரே வருபவரின் முகம் நன்றாகத் தெரிகிறது, பெயர் மட்டும் வாயில் வர மறுக்கிறது அல்லவா? அதே நிலைதான். தேர்வில் கேட்பது பெயரை.

2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதி மாணவர்கள் ஒரு பத்தியை நான்கு முறை வாசித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஒரே ஒரு முறை வாசித்துவிட்டு, நினைவிலிருந்ததைப் பார்க்காமல் மூன்று முறை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முந்தினார்கள்: அவர்களுக்கு 83 சதவீதம், எழுதியவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழானது. வாசித்தவர்களிடம் 40 சதவீதம்தான் மிஞ்சியது, எழுதியவர்களிடம் 61. உனக்கு வேண்டியது மார்ச் மாதம் வரை நிற்கிற படிப்பு. ஆகவே எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாய் என்று கணக்கு வைக்காதே. புத்தகத்தை மூடிவிட்டு எவ்வளவு எழுத முடிந்தது என்று கணக்கு வை.

இன்று மாலையே தொடங்கலாம். நிலைமின்னியல் அலகில், மின்னூட்டம் பெற்ற முடிவிலா நீளக் கம்பியால் ஏற்படும் மின்புலத்தை எடுத்துக்கொள். ஒரு முறை நிதானமாக வாசி. புத்தகத்தை மூடு. ரஃப் நோட்டில் முதலில் படம்: கம்பி, அதைச் சுற்றி உருளை வடிவக் காஸ் பரப்பு, ஆரம், நீளம். அடுத்து உன்னையே கேள்: உருளையின் மேல், கீழ் வட்டப் பரப்புகளில் மின்பாயம் ஏன் சுழி? வளைபரப்பில் மட்டும் ஏன் வருகிறது? பதிலை எழுதிக்கொண்டே போ. எங்கேயாவது பேனா நிற்கும். நின்றவுடன் புத்தகத்தைத் திறந்துவிடாதே. ஒரு நிமிடமாவது யோசி. அதற்கும் வரவில்லை என்றால் திறந்து, அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு மறுபடி மூடு. அந்த வரியைச் சிவப்பு மையில் எழுது. இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கத்தைப் புரட்டினால் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அந்தச் சிவப்பு வரியே சொல்லும்.

முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். இரண்டு மணி நேரத்தில் பத்துப் பக்கம் வாசித்த இடத்தில் மூன்று பக்கம்தான் நகரும். பொறுத்துக்கொள். அந்த மூன்று பக்கமும் உன்னுடையவை.

காலை 7 மணிக்குப் பஸ். சிறப்பு வகுப்பு முடிந்து வீடு சேர இரவு 7 ஆகிவிடுகிறது. படிக்க நேரமே இல்லை. கால அட்டவணை போட்டாலும் இரண்டாம் நாளே உடைந்துவிடுகிறது.
(பிளஸ் டூ மாணவர், கள்ளக்குறிச்சி மாவட்டம்)

தம்பி, முதலில் ஒரு தாளில் கணக்குப் போடுவோம். வாரத்துக்கு 168 மணி நேரம். பள்ளியும் பயணமும் நாளுக்கு 12 என்றால் ஆறு நாளுக்கு 72. எட்டு மணி நேரத் தூக்கம் 56. குளியல், சாப்பாடு, வீட்டு வேலைக்கு 15 வை. மீதி 25 மணி நேரம். இது அதிகம் இல்லை. ஆனால் ஒன்றுமே இல்லை என்று சொல்லவும் முடியாது.

இந்த 25-ல் 18-ஐ மட்டும் அட்டவணையில் எழுது. உன் அட்டவணை உடைவதற்குச் சோம்பல் காரணம் இல்லை. எல்லா மணி நேரத்தையும் நிரப்பி எழுதுவதுதான் காரணம். எந்த வேலையானாலும் அது எடுக்கும் காலத்தைக் குறைத்து மதிப்பிடுவது மனித இயல்பு. கனடாவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். 1994-ல் வெளிவந்த ஆய்வு அது. அவர்கள் தேர்ந்த கல்லூரி மாணவர்கள். ஆகவே பிழை உன்னிடம் மட்டும் இருப்பதாக நினைத்து நொந்துகொள்ளாதே. மிச்சம் வைத்த ஏழு மணி நேரம் மின்தடைக்கும், தாமதமாக வந்த பஸ்ஸுக்கும், வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கும் உரியது.

இரவு 8 முதல் 9.30 வரை கை வேலை செய்கிற பாடங்களை வை: கணக்கு, வேதியியல் சமன்பாடுகள், படங்கள். களைத்த உடம்போடு வெறுமனே வாசித்தால் கண் சொக்கும். எழுதிக்கொண்டிருந்தால் அவ்வளவு சீக்கிரம் சொக்காது. காலை 5.30 முதல் ஒரு மணி நேரம், முந்தின நாள் பள்ளியில் நடந்ததைப் பார்க்காமல் எழுதிப் பார். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் ஒரு மதிப்பெண் வினாக்கள். நின்றுகொண்டு போகிற நாளில் கண்ணை மூடி, நேற்றைய பாடத்தின் தலைப்புகளை வரிசையாகச் சொல்லிப் பார், அதுவும் படிப்புதான்.

அட்டவணையில் "இயற்பியல்" என்று மட்டும் எழுதினால் போதாது. "கதிர் ஒளியியல், லென்சு கணக்குகள் நான்கு" என்று எழுது. நாற்காலியில் உட்கார்ந்த பிறகு எதைப் படிப்பது என்று யோசிக்கும் அந்தக் கால் மணி நேரம்தான் பலருக்கும் வீணாகிறது. ஒரு நாள் தவறிவிட்டால் அந்த வேலையை மறுநாள் தலையில் ஏற்றாதே. ஞாயிறு மாலையில் இரண்டு மணி நேரம் எதுவும் எழுதாமல் வெறுமையாக விட்டு வை. விட்டுப்போனவை எல்லாம் அங்கே போகட்டும்.

அதிகாலை 4 மணிக்கு எழுந்து படித்தால்தான் மனதில் நிற்கும் என்கிறார்களே?

இரவு 8 மணிக்கே தூங்குகிறவர்களுக்குச் சரி. 11 மணிக்குப் படுத்து 4 மணிக்கு எழுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. பகலில் படித்ததை மூளை பதிய வைப்பதும் தூக்கத்தில்தான். முதல் பாடவேளையிலேயே கண் செருகுகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது. வீட்டில் திருடிய இரண்டு மணி நேரத்துக்காக வகுப்பில் நான்கு மணி நேரத்தை இழக்கிறார்கள்.

என் மகன் எப்போதும் செல்போனோடுதான் இருக்கிறான். கேட்டால் பள்ளிக் குறிப்புகள் வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன என்கிறான். பிடுங்கி வைத்தால் சண்டை. என்ன செய்வது?
(ஒரு தாய், திருப்பூர்)

சகோதரி, அவன் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. எங்கள் பள்ளிகளில் வீட்டுப்பாடம், வினாத்தாள், அறிவிப்பு எல்லாமே இப்போது கைப்பேசி வழியாகத்தான் போகின்றன. அதனால் பிடுங்கி வைப்பது நிலைக்காது. அவனோடு உட்கார்ந்து, பள்ளிச் செய்திகளைப் பார்க்க மாலையில் அரை மணி நேரம் என்று பேசி முடிவு செய்யுங்கள். அந்த அரை மணி நேரத்தில் தேவையானதை நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். வினாத்தாள்களைப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரதி எடுத்துக் கொடுத்துவிடுங்கள். செலவு கொஞ்சம்தான்; அதற்குப் பிறகு படிக்கும்போது போனைத் தொட வேண்டிய காரணமே இருக்காது.

படிக்கிற நேரத்தில் போன் கண்ணில் படாத இடத்தில் இருக்க வேண்டும். மேசை மேல் கவிழ்த்து வைத்தால் போதாது. சமையலறை அலமாரியில் இருக்கட்டும். காலையில் எழுப்ப அலாரம் வேண்டும் என்பான். ஒரு சாதாரண அலாரக் கடிகாரம் வாங்கிக் கொடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், வருத்தப்படாதீர்கள். அவன் படிக்கிற அந்த ஒன்றரை மணி நேரம் உங்கள் போனும் அவன் அப்பாவின் போனும் அதே அலமாரிக்குப் போகட்டும். தொலைக்காட்சியும் அணைந்திருக்கட்டும். ஒரே அறை உள்ள வீடுகளில் இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

25 நிமிடம் படித்து 5 நிமிடம் ஓய்வு எடுக்கும் பொமொடோரோ முறை நல்லதா?

இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ 1980-களின் பிற்பகுதியில், கல்லூரியில் படித்தபோது, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரம் ஒன்றை வைத்துத் தனக்காக உருவாக்கிய முறை இது. உட்காரவே மனம் வராதவர்களுக்கு நல்ல தொடக்கம். ஆனால் நீண்ட நிரூபணமோ கணக்கோ பாதியில் நிற்கும்போது மணி அடித்தால் எழுந்திருக்காதீர்கள். பழகப் பழக 45, 50 நிமிடத்துக்குக் கூட்டிக்கொள்ளலாம்.

கணிதத்தில் ஒரு பயிற்சியை முழுவதும் முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறேன். வீட்டில் எல்லாம் வருகிறது, திருப்புதல் தேர்வில் எந்த முறையைப் போடுவது என்றே தெரியவில்லை.
(பிளஸ் டூ மாணவர், நாகர்கோவில்)

ஒரே பயிற்சியில் இருபது கணக்கு போடும்போது எந்த முறை என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. நீ அதைத் தேர்ந்தெடுக்கப் பழகவே இல்லை. 2007-ல் ரோரர், டெய்லர் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழு கணக்குகளை வகை வகையாகப் பிரித்துப் போட்டது. இன்னொரு குழு கலந்து போட்டது. பயிற்சியின்போது பிரித்துப் போட்டவர்கள் 89 சதவீதம், கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் பிரித்துப் போட்டவர்கள் 20 சதவீதம், கலந்து போட்டவர்கள் 63.

புதிய பாடத்தை முதலில் பிரித்தே படி. அது கைக்கு வந்த பிறகு, தினமும் அணிகளிலிருந்து ஒன்று, கலப்பு எண்களிலிருந்து ஒன்று, வெக்டரிலிருந்து ஒன்று என்று ஐந்து கணக்குகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்துப் போடு. எடுத்தவுடன் கணக்கில் இறங்கிவிடாமல், "இது எந்த வகை, எப்படித் தெரியும்?" என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தொடங்கு.

21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்பது உண்மையா? நான் 12-ஆம் நாளில் விட்டுவிட்டேன்.

இல்லை. லண்டனில் 96 பேரைப் பின்தொடர்ந்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக வரும் பழக்கமாக மாற 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுமதிப்பு 66 நாள். அதே ஆய்வில் தெரிந்த இன்னொரு விஷயம் உனக்கு முக்கியம்: இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. 13-ஆம் நாளிலிருந்து தொடர். ஏற்கெனவே தினமும் செய்கிற ஒன்றோடு அதைக் கட்டிவிடு: "இரவுச் சாப்பாடு முடித்துக் கை கழுவியதும் ரஃப் நோட்டைத் திறப்பேன்."

இயற்பியல் தேர்வில் கடைசி இரண்டு ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு நேரம் போதவில்லை.

நேரத்தை மதிப்பெண்ணுக்குத் தக்கபடி பிரித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். எழுதுவதற்கு 180 நிமிடம், 70 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினாக்கள் 15-க்கு 15 நிமிடம். இரண்டு மதிப்பெண் ஆறுக்கு, தலா நான்கு நிமிடம் வீதம் 24. மூன்று மதிப்பெண் ஆறுக்கு, தலா ஏழு வீதம் 42. ஐந்து மதிப்பெண் ஐந்துக்கு, தலா பதினைந்து வீதம் 75. மொத்தம் 156. சரிபார்க்க 24 நிமிடம் மிச்சம்.

பெரும்பாலான பிள்ளைகள் நேரத்தை இழப்பது இரண்டு மதிப்பெண் வினாவில். தெரிந்த கேள்வி வந்த மகிழ்ச்சியில் ஒரு பக்கம் எழுதிவிடுகிறார்கள். ஒரு பக்கம் எழுதினாலும் இரண்டுதான் கிடைக்கும். வினாத்தாள் வாசிக்கக் கொடுக்கும் முதல் பத்து நிமிடத்தில் எந்த வினாக்களை விடுவது என்பதை முடிவு செய்துவிடு. பகுதி இரண்டிலும் மூன்றிலும் கட்டாய வினா ஒன்று இருக்கும். அதை முதலில் பார். வீட்டில் வாரம் ஒரு முறையாவது கடிகாரத்தை எதிரே வைத்து முழுத் தாளையும் எழுதிப் பழகினால்தான் இந்தக் கணக்கு கைக்கு வரும்.

டீச்சர், கணிதத்திலும் இயற்பியலிலும் தோல்வி அடைந்துவிட்டேன். நண்பர்கள் எல்லாரும் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறார்கள். வெளியே போகவே கூச்சமாக இருக்கிறது. துணைத் தேர்வுக்கு இருக்கும் நாட்களில் முடியுமா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட மாணவி)

முடியும் மகளே. துணைத் தேர்வு ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ வந்துவிடும். தேர்ச்சி பெற்றால் இந்த ஆண்டே கல்லூரியில் சேர வாய்ப்பு இருக்கிறது. செய்முறை, அகமதிப்பீட்டு மதிப்பெண்களையும் சேர்த்து உனக்கு இப்போது வேண்டியது நூற்றுக்கு 35. இயற்பியலில் எழுத்துத் தேர்வின் 70-ல் குறைந்தது 15 வாங்க வேண்டும், கணிதத்தில் 90-ல் குறைந்தது 25. முழுப் புத்தகத்தையும் தொட்டுப் பயந்துகொண்டிருக்காதே. கணிதத்தில் உனக்கு ஓரளவு வருகிற நான்கு பாடங்களையும், இயற்பியலில் ஐந்து அலகுகளையும் தேர்ந்தெடு. அவற்றில் ஒரு மதிப்பெண் வினாக்கள் ஒன்றுகூட விடக்கூடாது. காலையில் கணிதம் இரண்டு மணி நேரம், மாலையில் இயற்பியல் இரண்டு மணி நேரம். மேலே தேனி மாணவிக்குச் சொன்னபடி எழுதிப் பார்த்துப் படி.

திங்கட்கிழமை உன் பள்ளிக்குப் போ. விண்ணப்பிக்கும் கடைசித் தேதியைத் தலைமை ஆசிரியர் அறையில் கேட்டு எழுதிக்கொள். அப்படியே உன் கணித ஆசிரியரையும் பார்த்து, "எனக்கு எந்த நான்கு பாடம் எடுக்கலாம் சார்?" என்று கேள். கூச்சமாக இருந்தால் அம்மாவையும் கூட அழைத்துக்கொண்டு போ.